வாசலில் மிஞ்சிய செருப்பு

துண்டுச் சீட்டில் மாடி எண்ணுக்கு மேலே பெயருக்கென்று ஒரு கோடு எதற்கு, அதை எடுத்துவிட்டால் வரிசை சீக்கிரம் நகருமே என்று நீங்கள் இருவரும் கேட்டீர்களாம். கண்காணிப்பாளர் போனில் சொன்னார். "பிள்ளைங்க கேக்கறதும் நியாயமாத்தான் இருக்குது மேடம், நீங்களே ஒரு பதில் எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். அந்தக் கோடு நான் போட வைத்தது. அதனால் பதிலும் நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கம்மியாக இருக்கும் அல்லவா, அப்போது படித்துக்கொள்ளுங்கள்.

தகவல் மேசையில் உட்கார வைத்த அன்று உங்கள் முகம் எப்படித் தொங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தேர்வெழுதி, தட்டச்சு முடித்து, அரசு வேலை என்று தெருவெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டு வந்தால், கோப்பும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது, வாசலைப் பார்த்த ஒரு மேசை. எனக்கும் தொங்கியது. திருக்கோவிலூர் தாலுகா அலுவலகப் பதிவறையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவள் நான். ஓய்வுக்கு நான்கு வருஷம் இருக்கும்போது இங்கே மாற்றினார்கள். "மேடத்துக்கு முட்டி வலி, மாடி ஏற வேணாம், கீழயே உக்காரட்டும்" என்று அன்பாகச் சொன்னார்கள். ஓரங்கட்டுகிறார்கள் என்று புரியாத அளவுக்கு நான் பச்சைக் குழந்தை இல்லை. முதல் வாரம் முழுக்க யாரிடமும் சிரித்துப் பேசவில்லை.

அப்புறம் இந்தக் கட்டடம்தான் என்னைச் சரிக்கட்டியது.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தரைத்தளம் போக ஒன்பது மாடி, அவ்வளவுதானே. ஆனால் மூன்று மாடி ஜவுளிக்கடையை அண்ணாந்து பார்த்து வளர்ந்த கள்ளக்குறிச்சிக்காரிக்கு இது பாதி வானம். கடைத்தெருவுக்கு நடுவில், ஒரு பக்கம் பாத்திரக் கடைகள், ஒரு பக்கம் பிரியாணிக் கடை, எதிரே ஷேர் ஆட்டோக்கள் என்று இருக்கிற இடத்தில் இது மட்டும் தன்பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு அதன் நிழல் மெதுவாக வாசற்படி இறங்கி, சாலையைத் தாண்டி, எதிர்ச்சாரிக் கடைகளின் மேல் ஏறும். கடைக்காரர்கள் அப்போதுதான் வெயில் மறைப்புத் துணியைச் சுருட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் நான் மணி தெரிந்துகொள்வேன்.

மார்கழியில் இன்னும் வேடிக்கை. பனி இறங்கினால் மேல் மூன்று மாடிகள் காணாமல் போய்விடும். ஒரு நாள் காலையில் எட்டாம் மாடிக்கு வழி கேட்டவரிடம், "இப்ப அது இல்லீங்க, வெயில் வந்தா வரும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவரும் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, சரி என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பத்து மணிக்கு மாடி திரும்பி வந்தது. எழுந்து போனார்.

எட்டாம் மாடியில் நடை முடிகிற இடத்தில் மேற்குப் பார்த்த ஒரு சன்னல் இருக்கிறது. இதுவரை பார்க்காவிட்டால் இன்றைக்கே போய்ப் பாருங்கள். மழை விட்ட மறுநாள் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். முதலில் கரும்புக் கொல்லைகள், அப்புறம் மரவள்ளி, அப்புறம் ஒன்றும் இல்லாத வெளிர் நிறம், அதற்கும் அப்பால் நீலமாக மலை. முட்டி வலியோடு வாரம் ஒரு முறையாவது மின்தூக்கியில் ஏறிப் போய் அங்கே நின்று டப்பாச் சோறு சாப்பிடுவேன். கீழே ஹாரன் சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பது போல் கேட்கும். சாப்பிட வந்ததை மறந்து பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். இந்தச் சன்னலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

முதலில் என் மண்டைக்கு ஏறிய பாடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நைனார்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து "சர்வே ஆபீஸ் எந்த மாடிங்க" என்றார். ஆறு என்றேன். மறுநாள் வந்து "ரிஜிஸ்டர் ஆபீஸ் எங்க" என்றார். இங்கே இல்லை, வெளியே என்றேன். மூன்றாம் நாள் வந்து "தாசில்தாரைப் பாக்கணும்" என்றார். சொன்னேன். நான்காம் நாள் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னாங்க ஆச்சு உங்களுக்கு" என்று அப்போதுதான் கேட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பை வெட்டித் தள்ளிவிட்டார், அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாடி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் சரியான பதில்தான் சொன்னேன். நான்கு நாள் அவரை அலையவிட்டதும் அதே சரியான பதில்தான். எந்த மாடி என்று வருகிறவரிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இனி பாய்.

வாசலில் காவலுக்கு நின்றவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். இதை எழுதுகிறேன் என்று சொன்னதும், "பேரெல்லாம் போட வேணாம் மேடம், பாய்னே எழுதுங்க, அது போதும்" என்று கேட்டுக்கொண்டார். நம் கடைத்தெருவில் அவர் குடும்பத்துக்குச் செருப்புக் கடை இருந்தது. கடை நின்றுபோன பிறகு சீருடை மாட்டிக்கொண்டு இங்கே வந்தார். என் வயதுதான் இருக்கும். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். நாற்பது வருஷப் பழக்கம், விடுமா.

இந்தக் கட்டடத்தில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. மலையிலிருந்து வருகிறவர்கள், கொல்லைக்காட்டு ஜனங்களில் வயசானவர்கள், வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போவார்கள். எட்டாம் மாடியானாலும் வெறுங்கால்தான். பெரும்பாலும் மின்தூக்கியிலும் ஏற மாட்டார்கள். மழை நாளில் அவர்களுடைய ஈரக் காலடிகள் பளபளவென்ற படிகளில் ஏறிப் போகும். இரண்டாம் மாடிவரை தெளிவாக இருக்கும், மூன்றாம் மாடியில் விரல்கள் மட்டும் இருக்கும், அப்புறம் காய்ந்து மறைந்துவிடும். வேலை இல்லாத நேரத்தில் நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

"போட்டுக்கினே போங்க, இது கோயில் இல்ல" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு, நான் திரும்பியதும் கழற்றிவிட்டுப் போவார்கள். கண்காணிப்பாளருக்குக் கோபம். பெரிய அதிகாரிகள் வருகிற வாசலில் செருப்புக் குவியலா, ஒரு சாக்கில் அள்ளிப் பின்னால் போடுங்கள் என்றார். பாய் அதைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் படியின் இடது ஓரத்தில் ஜோடி ஜோடியாக வரிசை கட்டினார். குவியல் போய் வரிசை வந்ததும் கண்காணிப்பாளரும் அதோடு விட்டுவிட்டார். அன்றிலிருந்து காலையில் அது பாயின் முதல் வேலை.

அவருக்கு அது வேலையாகவும் இல்லை. ஒன்றைக் கையில் எடுத்து அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டுவார்.

"இத பாருங்க மேடம். முன்னாடி விரல்கிட்ட தேஞ்சிருக்குதா. இது மலைச் செருப்பு. எறக்கத்துல விரலை ஊனி ஊனி எறங்கறவங்க. நம்மூருக்காரங்களுது குதிங்கால்லதான் தேய்மானம் ஜாஸ்தி."

"இந்த ஆளு எங்கருந்து வராருன்னும் சொல்லுவீங்களா பாய்?"

"அட, ஊரு சொல்ல முடியாது. ஆனா நல்லா நடக்கற ஆளு. பஸ்ஸுக்கு நிக்காத ஆளு."

ஆள் கீழே இறங்கி வந்ததும் நான் விசாரிப்பேன். பாதிக்கு மேல் பாய் சொன்னது சரியாக இருக்கும். இப்படியே நானும் கற்றுக்கொண்டேன். காலை பத்து மணிக்கு வரிசையைப் பார்த்தால் மேலே மலைக்காரர்கள் எத்தனை பேர் என்று தெரியும். பன்னிரண்டு மணிக்கு வரிசை குறைந்திருந்தால் வேலை நடக்கிறது, குறையாமல் இருந்தால் அதிகாரி வரவில்லை. மேலே போய்ப் பார்க்காமலே கட்டடத்தின் நாடியை அதில் பிடிப்போம். கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது எனக்கு. செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். ஆட்களின் பெயரைக் கேட்கிற பழக்கம் மட்டும் எனக்கு வரவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

மலைமேல் கரியாலூருக்கும் அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது. அவர் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. கல்லூரியில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அதைக் கொடுப்பதற்கு முன் எட்டாம் மாடி அதிகாரி தாயை நேரில் விசாரிக்க வேண்டும். முதல் தடவை வந்தபோது, உட்கார்ந்து உட்கார்ந்து தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். ஆள் இல்லை என்றதும் பதிவேட்டில் 'ஆஜராகவில்லை' என்று எழுதிவிட்டார்கள். இரண்டாம் தடவை, புதுச் செருப்பு, யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பார்க்கக் கீழே வந்துவிட்டார். மறுபடியும் 'ஆஜராகவில்லை'.

மூன்றாம் தடவை வந்தபோது அந்தப் புதுச் செருப்பின் வார் அறுந்து, அதில் ஒரு ஊக்குக் குத்தியிருந்தது. நீல வார். மலையிறங்கி நடந்த அவசரத்தில் அறுந்ததாம். நேரே என் மேசைக்கு வந்து நின்றார்.

"இன்னைக்கு வுட்டா அவ்ளோதான்னாங்க. நாளைக்கு காலேஜ்ல பேப்பரு குடுக்கணுமாம். எம்பொண்ணு ரெண்டு நாளா சோறு துன்னல."

எனக்கு அவர் மேல் பாவமும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இரண்டு தடவை கோட்டை விட்டவர் ஆயிற்றே என்று எரிச்சல். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல் விரலை நீட்டிச் சொன்னேன்.

"இத பாருங்க. செருப்பை நான் பாத்துக்கறேன், பாய் பாத்துப்பாரு. நீங்க நேரா மேல போங்க. நடை கோடில சன்னலாண்ட ஒரு பெஞ்சு இருக்குது, அங்க உக்காருங்க, உங்க மலைகூட தெரியும். அங்க உக்காந்தா கூப்பிடறதும் நல்லா கேக்கும். பேரு கூப்பிடற வரைக்கும் எழுந்துக்கக் கூடாது. யாரு வந்து இன்னா சொன்னாலும் எழுந்துக்காதீங்க. இடியே வுழுந்தாலும் எழுந்துக்காதீங்க. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதுங்க" என்றார். துண்டுச் சீட்டில் 8 என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது சீட்டில் மாடி எண் மட்டும்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு படியேறிப் போனார்.

பதினொன்றரை இருக்கும். மின்விளக்குகள் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்தன. மின்தூக்கி நின்றது, நல்ல வேளையாக அதில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கட்டடம் அப்படியொரு அமைதியாக இருந்தது. மின்விசிறிகள் சுற்றி ஓய்கிற சத்தம் மாடிக்கு மாடி கேட்டது. அப்புறம்தான் ஒரு கருகல் நாற்றம். ஐந்தாம் மாடியில் பேட்டரிகள் வைத்திருந்த அறையிலிருந்து புகை என்று ஒருவர் ஓடி வந்து சொன்னார். அபாய மணி அலறியது. முன்படிக்கட்டு வழியாக ஜனங்கள் ஆறு மாதிரி இறங்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாரும் வாசலை விட்டு வெளியே ஓடும்போது அவர் செருப்பு வரிசைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். வெறுங்காலோடு இறங்கி வருகிறவர்கள் செருப்புக்காகக் குனிந்தால் பின்னால் வருகிறவர்கள் மிதித்துவிடுவார்கள் என்று அவருக்கு அந்த நொடியில் தோன்றியிருக்கிறது. "மொதல்ல வெளிய போங்க, செருப்பு நான் எடுத்தாறேன், எங்கயும் போவாது" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார். கூட்டம் குறைந்ததும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு எதிரே புங்கமரத்தடிக்கு வந்து, அங்கே மறுபடியும் வரிசை கட்டினார். எனக்கே சிரிப்பு வந்தது. அவரவர் வந்து அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. மரத்தடியில் ஒவ்வொரு பிரிவும் வருகைப் பதிவேட்டை வைத்து ஆட்களைச் சரிபார்த்தது. முதல் மாடி சரி, இரண்டாம் மாடி சரி என்று ஒன்பதுவரை சரி. ஊழியர்கள் அத்தனை பேரும் வெளியே இருக்கிறார்கள். முகக்கவசம் போட்ட ஒரு வீரர் முன்படிக்கட்டில் ஏறினார். ஐந்தாம் மாடியில் புகை அடைத்திருக்கிறது, ஆறாம் மாடித் திருப்பத்தில் நின்று மேலே பார்த்து யாராவது இருக்கிறீர்களா என்று நாலைந்து தடவை கத்தினேன், பதில் இல்லை என்று இறங்கி வந்து சொன்னார்.

அப்போது பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். "மேடம்" என்றார். அவர் கையில் ஒரே ஒரு ஜோடி. நீல வார், ஊக்கு.

"எல்லாம் போயிடுச்சி. இது மட்டும் நிக்குது."

கூட்டத்தில் தேடினேன். மரத்தடி, டீக்கடை, சாலையோரம், எங்கேயும் அந்த முகம் இல்லை. தீயணைப்பு அதிகாரியிடம் ஓடினேன். சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் கேட்டார்.

"பயத்துல செருப்ப வுட்டுட்டு ஓடியிருக்கலாம்மா. அந்த மாதிரி நெறைய நடக்கும். மேல குரல் குடுத்தோம், பதில் இல்ல. ஒரு செருப்ப நம்பி ஆள பொகைக்குள்ள அனுப்பணும்னா நான் யோசிக்கணும் இல்லீங்களா."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. பாய் அவரிடம், "சார், வாரு அறுந்த செருப்ப ஊக்கு குத்தி போட்டுக்கினு வரவங்க, அத வுட்டுட்டு வூட்டுக்குப் போவ மாட்டாங்க. நான் செருப்பு வித்தவன்" என்றார்.

அந்தப் பெண் எதற்காகப் பதில் சொல்லவில்லை என்று எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. யாராவது இருக்கிறீர்களா என்று கத்தினால் அவர் எழுந்திருக்க மாட்டார். பெயரைக் கூப்பிட வேண்டும். நான் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். யார் வந்து என்ன சொன்னாலும் எழுந்திருக்காதே என்று விரலை நீட்டிச் சொன்னவள் நான்தான். பெஞ்சுகூட நான் காட்டியதுதான்.

"சார், அவங்க மேலதான் இருக்காங்க. நான்தான் பேரு கூப்பிடற வரைக்கும் எழுந்துக்காதீங்கன்னு சொன்னேன்."

"சரி, பேரு சொல்லுங்க. பேரச் சொல்லி கூப்பிடச் சொல்றேன்."

நான் வாயைத் திறந்தேன். பெயர் இல்லை. மூன்று தடவை என் மேசைக்கு வந்தவர். மகளுக்கு என்ன படிப்பு, செருப்பு எப்போது வாங்கியது, வார் எங்கே அறுந்தது எல்லாம் தெரியும். எட்டாம் மாடி எழுத்தரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். பட்டியல் மேலே மேசையில் இருக்கிறது, பதினைந்து பேருக்குமேல் இருந்தார்கள், ஒருத்தர் பெயரும் ஞாபகம் வரவில்லை என்றார். முப்பத்து நான்கு வருஷ வேலையில் அதுபோல நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

பிறகு எனக்கு முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. மனு நாட்களில் வரிசையை ஒழுங்குபடுத்த வைத்திருக்கும் கை ஒலிபெருக்கியைப் பாயிடமிருந்து வாங்கிக்கொண்டு கட்டடத்தின் மேற்குப் பக்கம் ஓடினேன். பாயும் செருப்போடு பின்னால் வந்தார். எட்டாம் மாடியில் அந்தச் சன்னல் திறந்திருந்தது. அதிலிருந்து வெள்ளையாக, மெல்லிசாகப் புகை வெளியே வந்துகொண்டிருந்தது.

"எட்டாம் தளத்தில் இருப்பவர்கள் உடனடியாகக் கீழே வரவும்" என்று கூப்பிட்டேன். ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

"மேடம்," என்றார் பாய், "ஆபீஸ் மாதிரி கூப்பிடாதீங்க. காலைல அவங்ககிட்ட பேசினீங்களே, அப்டி கூப்பிடுங்க."

நான் ஒலிபெருக்கியை வாய்க்கு நெருக்கிப் பிடித்தேன். "ஏங்க, கரியாலூரு பக்கத்துலருந்து வந்தவங்களே. செருப்புக்கு ஊக்கு குத்தினு வந்தீங்களே, உங்களத்தாங்க. நான் கீழ மேசையில உக்காந்திருக்கறவ பேசறேன். நான்தான் எழுந்துக்காதீங்கன்னு சொன்னேன். இப்ப நானே சொல்றேன், எழுந்துக்கங்க. செருப்பு பத்திரமா இருக்குது, பாருங்க."

பாய் இரண்டு செருப்பையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. சன்னல் அப்படியே இருந்தது, புகை அப்படியே வந்தது. காக்கை ஒன்று ஏழாம் மாடி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அப்புறம் அந்தப் புகைக்குள் ஒரு முகம் வந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எங்களைக் குனிந்து பார்த்தது. கை நீண்டு, துண்டுச் சீட்டைக் காட்டியது.

பின்படிக்கட்டு வழியே போனால் புகை கம்மி. ஆனால் அதன் கீழ்க்கதவை மறித்துப் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்களும் நாங்களும் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து இழுத்துப் போட்டோம். உங்கள் கட்டடத்தில் இன்றைக்கு அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு குப்பைக்கூடைகூட வைக்க விட மாட்டார்கள் என்று நம்புகிறேன். இரண்டு வீரர்கள் ஏறிப் போய் அவரை அழைத்துக்கொண்டு வந்தார்கள். கண் சிவந்திருந்தது, இருமினார். மற்றபடி நடந்துதான் வந்தார். சன்னலோரம் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தார் என்றார் அந்த அதிகாரி. அங்கே உட்கார வைத்ததும் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புங்கமரத்தடிக் கல்லில் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

"எல்லாரும் ஓடினாங்களே, நீங்க பாக்கலையா?" என்று கேட்டேன்.

"பாத்தேங்க. ஒரு அம்மா கையப் புடிச்சிகூட இழுத்தாங்க. நீங்க போங்க, எனக்கு இன்னும் பேரு கூப்பிடலன்னேன். அப்றம் வெள்ளையா வந்துச்சி. எங்க மலைல வூட்டுக்குள்ளயே மேக மூட்டம் எறங்குங்க. இம்மா ஒசரத்துல இருக்குதே, இங்கயும் எறங்குது போலன்னு நெனச்சேன். மலை மறைஞ்சிடுச்சி. நாத்தம் மட்டும் வேற மாதிரி இருந்துச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே அத்தனை பேர் முன்னால் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பாய் செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் ஜோடியாக வைத்தார். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. சுற்றி நின்ற அதிகாரிகளைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"என் பேரு கூப்பிட்டுட்டாங்களாங்க?"

"இல்லீங்க, யாரையுமே கூப்பிடல."

"அப்ப நான் அங்க இருந்தேன்னு எழுதுவாங்களா? இன்னைக்கும் வரலன்னு எழுதிட மாட்டாங்களே?"

எட்டாம் மாடி அதிகாரி நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கடுகடுப்பான மனிதர், உங்களுக்கும் தெரிந்திருக்கலாம், அதனால் பெயர் வேண்டாம். அவர் தன் ஜீப்பைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளும் எழுதும் அட்டையும் எடுத்து வந்தார். ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி மரத்தடியில் உட்கார்ந்தார். எழுத்தரைப் பார்த்து, "கூப்பிடுய்யா" என்றார். எழுத்தர் திருதிருவென்று விழித்தார். அவருக்குப் பெயர் தெரியாதே.

நான் அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்தேன். "உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டேன். அன்றைக்குக் காலையில் கேட்டிருக்க வேண்டியது.

"பொன்னாயிங்க."

எழுத்தர் வழக்கப்படி மூன்று முறை கூப்பிட்டார். எதிரிலேயே உட்கார்ந்திருப்பவரைத் தொண்டையைச் செருமிக்கொண்டு, எட்டாம் மாடி நடையில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். பொன்னாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். செருப்பு அங்கேயே கிடந்தது. வெறுங்காலோடு நான்கடி நடந்து அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.

விசாரணை அரை மணி நேரம் நடந்தது. சாயங்காலத்துக்குள் சான்றிதழ் தயாராகிவிட்டது. அந்த மகள் இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

மறுவாரமே நான் சீட்டில் பெயருக்கு ஒரு கோடு போடச் சொல்லிக் கேட்டேன். அந்தக் கோட்டை நிரப்ப ஒரு ஆளுக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகிறது என்பது உண்மைதான். ஆகட்டும். பெயரை எழுதுங்கள், எழுதிவிட்டு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் மேலே அனுப்புங்கள். இடி விழுந்தாலும் எழுந்திருக்காதே என்பது போன்ற பேச்செல்லாம் வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் சொல்வதை மலையிறங்கி வருகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு அந்த அதிகாரி தாளில் முதல் வரியாக எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பொன்னாயி, அப்புறம் ஊர்ப் பெயர், அப்புறம் 'ஆஜர்'. எழுதிவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் கட்டடத்தைப் பார்த்தார். ஒன்பது மாடி, அத்தனை அலுவலகம், அத்தனை வருகைப் பதிவேடு. எல்லாரும் வெளியே ஓடிய அந்த நேரத்தில் அதற்குள் ஆஜராக இருந்தவர் பொன்னாயி ஒருத்தர்தான்.